வீட்டை விற்கிறோம்: நாய், பூனையோடு வாடகை வீடு தேட வழி சொல்லுங்க

#1 சாவிக்கொத்து

எல்லாருக்கும் வணக்கம். சொந்த வீட்டை விற்கிற முடிவுக்கு வந்துட்டோம். கடன்தான் காரணம், அந்த முடிவில் மாற்றம் இல்லை. வாங்குறவங்களோட விலை பேசி முடிச்சாச்சு. ஒப்பந்தம் எழுதணும், இன்னும் கையெழுத்து போடலை. அடுத்த சில வருஷம் வாடகை வீடுதான்.

எங்களோட ஒரு நாய் இருக்கு. பேர் செவலை, 11 வயசு, நடுத்தர உடம்பு. கூடவே மிளகுன்னு ஒரு ஆண் பூனை, 4 வயசு. ரெண்டுக்கும் கருத்தடை ஆயிடுச்சு, தடுப்பூசி ஒரு வருஷம்கூட விட்டதில்லை. போன் பண்ற வீட்டுக்காரங்க எல்லாம் முதல்ல நல்லாத்தான் பேசுறாங்க. நாய்னு ஒரு வார்த்தை சொன்னதும் "பார்த்துட்டுச் சொல்றோம்"னு வச்சிடுறாங்க. பிறகு பேச்சே இல்லை.

சொந்தக்காரங்க சொல்ற யோசனை, ஆளுக்கு ஒண்ணா யார்கிட்டயாவது கொடுத்துடுங்கன்னு. அது நடக்காது. செவலைக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கு, படி ஏற யோசிக்கிறான். இந்த வயசில் அவனைப் புது ஆள்கிட்ட விட எனக்கு மனசு வராது. ரெண்டு பேரும் எங்களோடதான் வருவாங்க. அதை வச்சு மட்டும் வழி சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

#2 பழையதிண்ணை

கையெழுத்து போடலைன்னு சொன்னீங்களே, நல்ல நேரத்தில் வந்திருக்கீங்க. வீட்டை விற்கிறவங்க பெரும்பாலும் விலையிலேயே கண்ணா இருந்துட்டு, சாவி கொடுக்கிற தேதியை வாங்குறவர் இஷ்டத்துக்கு விட்டுடுறாங்க. செல்லப்பிராணி வச்சிருக்கிறவங்களுக்குத் தேதியும் விலை அளவுக்கு முக்கியம். மத்தவங்களுக்குப் பத்து வீடு திறந்திருந்தா நமக்கு ஒண்ணு ரெண்டுதான் திறக்கும். அந்த ஒண்ணு ரெண்டு கண்ணில் படணும்னா அவகாசம் வேணும்.

ரெண்டு விதமா கேட்கலாம். ஒண்ணு, ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் நடுவில் இடைவெளியை நீளமா வச்சுக்கிறது. இன்னொண்ணு, கிரயம் முடிஞ்ச பிறகும் கொஞ்ச காலம் அதே வீட்டில் நீங்களே வாடகைக்கு இருக்கிறது. ரெண்டாவது வழிக்குத் தனியா ஒரு ஒப்பந்தம் எழுதிக்கணும். எத்தனை நாள், வாடகை எவ்வளவு, அந்தக் காலத்தில் குழாய் உடைஞ்சா யார் செலவு, காப்பீடு யார் பேரில், நாள் தாண்டினா என்ன, எல்லாம் அதில் வரணும். வாங்குறவர் வங்கிக் கடனில் வாங்குறார்னா, அவரே குடியேறணும்னு சில கடன்களில் நிபந்தனை இருக்கும். அதனால் முதல்ல அவர் வங்கியில் கேட்டுக்கட்டும்.

விலையில் கொஞ்சம் இறங்கி நாளை வாங்குறது நஷ்டம்னு நினைக்காதீங்க. அவசரத்தில் தப்பான வீட்டுக்குப் போயிட்டு ஆறு மாசத்தில் மறுபடி மூட்டை கட்டினா அதைவிடப் பெரிய செலவு.

#3 நடுராத்திரி

இவ்வளவு யோசனை தேவையா? ஒண்ணும் சொல்லாம குடி போயிடுங்க. பூனை வீட்டுக்குள்ளே இருக்கு, யாருக்கும் தெரியப் போறதில்லை. நாயை ஒரு மாசம் கழிச்சுக் கொண்டுவந்து, "இப்பத்தான் வந்தது"ன்னு சொல்லிக்கலாம். உள்ளே போன பிறகு யாரும் சட்டுனு வெளியே அனுப்ப மாட்டாங்க.

#4 மாடிப்படி

நான் வீடு வாடகைக்கு விடுகிறவன். நாய், பூனையோடு வருபவர்களுக்கும் விட்டிருக்கிறேன், மறுத்தும் இருக்கிறேன். அதனால் மேலே சொன்ன யோசனைக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மறைத்துக் குடிவந்தால் விஷயம் என்றைக்காவது வெளியே வரும். குழாய் பழுதுபார்க்க வருபவர் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். ஒப்பந்தத்தில் "பிராணிகள் கூடாது" என்று இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், உங்கள் பக்கம் பேச ஒன்றும் மிச்சமில்லை. அதன் பிறகு முழுச் சுமையும் அந்த நாயின் தலையில்தான் விழும். ஒரு வாரத்தில் இடம் மாறு என்று சொன்னால், 11 வயது நாயோடு எங்கே போவார்கள்?

நாங்கள் ஏன் மறுக்கிறோம் என்று தெரிந்தால் பதில் சொல்வது எளிது. முதல் பயம் சிறுநீர். மரத்தரை, பூசாத சிமெண்ட் போன்றவற்றில் அது உள்ளே இறங்கிவிடும். அதில் உள்ள யூரிக் அமிலம் படிகமாகத் தங்கி, ஈரக்காற்று படும்போதெல்லாம் மறுபடி வாடை கிளப்பும். வெறும் சோப்புத்தண்ணீரில் போகாது, என்சைம் கலந்த கிளீனர் போட்டு ஊற விட வேண்டும். பலர் அவசரத்தில் பிளீச்சிங் திரவத்தைக் கொட்டுகிறார்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சு வாயு வரும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் காலி செய்த பிறகு வருகிறவர். பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான புரதம் அதன் எச்சிலிலும் தோலிலும் உண்டாகிறது. பூனை போன பிறகும் மாதக்கணக்கில் தூசியில், துணியில் தங்கியிருக்கும். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழுவும் அப்படித்தான். காலி வீட்டில் அசையாமல் கிடந்து, மனித நடமாட்டத்தின் அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் பொரிந்து வெளியே வரும். புதுக் குடித்தனக்காரர் முதல் நாளே போன் செய்வார், பதில் சொல்ல வேண்டியவன் நான். குரைப்பு மூன்றாவதாக வரும். வேறு யாரையாவது கடித்துவிட்டால் வழக்கு என்ற பயம் கடைசி. சில கட்டடக் காப்பீடுகள் குறிப்பிட்ட இன நாய்களை ஏற்பதே இல்லை, அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒன்றுகூட "எனக்கு நாயைப் பிடிக்காது" என்பது இல்லை, கவனித்தீர்களா? பெரும்பாலோருக்கு இருப்பது வீட்டைப் பற்றிய பயம். அதற்கு ஆதாரத்தோடு பதில் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள்.

#5 சாவிக்கொத்து

பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி சார். நடுராத்திரி, உங்க அக்கறை புரியுது, ஆனா மறைச்சு வாழ என்னால் முடியாது.

ஒரு சிக்கல். எல்லா இடத்திலும் "முந்தைய வீட்டுக்காரர் யார், அவர் நம்பர் கொடுங்க"ன்னு கேட்கிறாங்க. இத்தனை வருஷமா சொந்த வீட்டில் இருந்தவங்களுக்கு முந்தைய வீட்டுக்காரர்னு யாரைக் காட்டுறது?

#6 கணக்குப்புத்தகம்

வீடு விற்றுவிட்டு வாடகைக்கு வருகிற எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஆனால் உங்களிடம் அதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. நீங்கள் விற்கிற அந்த வீடுதான் சாட்சி. நாயும் பூனையும் வருஷக்கணக்கில் புழங்கிய வீடு. அதன் தரை, கதவு, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் வாங்குபவர் ஒருவர் சுற்றிப் பார்த்து, பணம் கொடுத்து வாங்கச் சம்மதித்திருக்கிறார். விற்பனைக்காக எடுத்த படங்கள் இருக்கும். வாங்குபவர் ஆள் வைத்து வீட்டைச் சோதித்திருந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சாவி உங்கள் கையில் இருக்கும்வரை, வரப்போகிற வீட்டுக்காரரை நேரில் கூப்பிடுங்கள். "வந்து பாருங்க, இதுதான் எங்க நாய் இருக்கிற வீடு" என்று சொல்லிவிட்டு அவரே மூக்கால் சோதிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். வாடகை வீட்டிலிருந்து வருகிறவரால் இதை இவ்வளவு தாராளமாகச் செய்ய முடியாது.

தேதியை நீட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டை ஒப்படைத்துவிட்டால் இந்தச் சாட்சியும் போய்விடும்.

கூடவே ஒரு பக்கத்தில் ரெண்டு பேரையும் பற்றி எழுதி, படம் ஒட்டி வையுங்கள். வயது, எடை, கருத்தடை, கடைசித் தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்து எத்தனை நாளுக்கு ஒரு முறை, பகலில் யார் கூட இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். வழக்கமாகப் போகிற கால்நடை மருத்துவரிடமும், சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டிலும் நாலு வரி கடிதம் வாங்குங்கள். குரைப்பைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொன்னால்தான் நம்புவார்கள்.

#7 மாடிப்படி

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருக்கிற வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லும் குடும்பத்தை நான் எளிதில் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று: போனில் முதல் வாக்கியமாக நாயைச் சொல்லாதீர்கள், கடைசி வரை சொல்லாமலும் இருக்காதீர்கள். வீடு பார்க்க வரும் நேரத்தைப் பேசும்போது சொல்லி, அந்த ஒரு பக்கத்தை அனுப்பிவிடுங்கள். தரகரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவர் சொல்லியிருப்பார் என்று நம்பவும் வேண்டாம்.

#8 ஊசிமருந்து

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். செவலையைப் பற்றி ஒரு விஷயம். தனியா விட்டா அவன் என்ன செய்யறான்னு உங்களுக்குத் தெரியுமா? பலருக்குத் தெரியாது, ஏன்னா அவங்க வெளியே இருக்கும்போது நடக்கிறது அது. பழைய போனை ஒரு மூலையில் வச்சு வீடியோ ஓடவிட்டுட்டுக் கிளம்புங்க. கதவு மூடின முதல் அரை மணி நேரத்தைப் பாருங்க. குரைக்கிறது, மூச்சிரைக்கிறது, கதவைப் பிராண்டுறது இருந்தா இப்பவே பழக்க ஆரம்பிக்கணும். ரெண்டு நிமிஷம் போயிட்டு வாங்க, பிறகு அஞ்சு, பிறகு பத்துன்னு கூட்டுங்க. அவன் அமைதியா இருக்கிற அளவைத் தாண்டக் கூடாது. புது வீட்டுக்குப் போன பிறகு ஆரம்பிச்சா ரொம்ப கஷ்டம். அமைதியா படுத்திருந்தான்னா அந்த வீடியோவே வீட்டுக்காரருக்குக் காட்ட நல்ல ஆதாரம்.

#9 நடுராத்திரி

நான் சொன்னதை எல்லாரும் தப்பாப் பார்க்கிறீங்க. இவங்களுக்கு விலை பேச, தேதி தள்ள வசதி இருக்கு. வங்கி ஏலத்துக்குக் கொண்டுவந்த வீடு, பாகப்பிரிவினையில் உடனே விற்க வேண்டிய வீடுன்னு எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கும். தெருவில் நிற்கிறதா, நாயைக் கைவிடுறதா, மறைக்கிறதான்னு வந்தா அவங்க என்ன செய்வாங்க? அதை யோசிச்சுத்தான் எழுதினேன்.

#10 பழையதிண்ணை

நடுராத்திரி, நியாயமான கேள்வி, இதை லேசா தள்ளக் கூடாது. ஆனா அந்த நிலையிலும் நாலாவது வழி ஒண்ணு உண்டு. நிரந்தர வீட்டைத் தேடாம, நடுவில் தங்க ஒரு இடத்தை மட்டும் தேடணும். சாமான்களைக் கிடங்கில் போட்டுட்டு, மாத வாடகைக்குக் கிடைக்கிற தற்காலிக இடத்தில் பிராணியோட தங்கலாம். அதுவும் கிடைக்கலைன்னா, பிராணியை மட்டும் குறிப்பிட்ட தேதி வரைக்கும் நண்பர் வீட்டிலோ காப்பகத்திலோ விடலாம். திரும்பக் கூட்டிப் போறோம்னு ரெண்டு பக்கமும் எழுதி வச்சுக்கணும். அது கைவிடுறது ஆகாது. காப்பகங்கள் தடுப்பூசிச் சீட்டு இல்லாம சேர்க்கிறதில்லை. நாய்களுக்குத் தொற்று இருமல் தடுப்பூசியும் பல இடங்களில் கேட்பாங்க, அதுக்குச் சில நாள் முன்னாடியே ஊசி போட்டிருக்கணும். அதனால் விற்கிற பேச்சு வந்ததுமே சீட்டுகளைச் சரிபார்த்து வைக்கிறது நல்லது.

#11 சாவிக்கொத்து

முதல்ல நல்ல சேதி. வாங்குறவங்ககிட்ட உண்மையைச் சொல்லிக் கேட்டோம். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம், கிரயத்துக்குப் பிறகு மூணு மாசம் இதே வீட்டில் வாடகைக்கு இருக்கச் சம்மதிச்சுட்டாங்க. அவங்க வங்கியிலும் கேட்டுட்டாங்க.

இப்ப கையில் ரெண்டு வீடு இருக்கு. ஒண்ணு அடுக்குமாடியில் நாலாவது தளம், லிஃப்ட் உண்டு, பால்கனி பெருசு, எல்லாம் கிட்டக்க. வீட்டுக்காரர் சரின்னுட்டார். இன்னொண்ணு தரைத்தளத்தில் தனி வீடு, கொஞ்சம் பழசு, வேலைக்குப் போக தூரம். அங்கே வீட்டுக்காரம்மா யோசிச்சுச் சொல்றேன்னு இருக்காங்க. எனக்கு முதல் வீட்டில் கண்ணு.

#12 கணக்குப்புத்தகம்

அடுக்குமாடி என்றால் வீட்டுக்காரர் சரி என்பது பாதிதான். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். எடை வரம்பு, எண்ணிக்கை வரம்பு, லிஃப்ட்டில் நாயை ஏற்றலாமா, எந்த வாசலால் போகணும் என்றெல்லாம் இருக்கலாம். அந்த விதி உங்களை எந்த அளவுக்குக் கட்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் தினமும் அதோடு சண்டை போட்டு வாழ்கிற நிலை வேண்டாம்.

#13 ஊசிமருந்து

நான் தரைத்தளத்துக்குத்தான் கை தூக்குவேன். செவலைக்கு மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கும்னு நீங்க எழுதினதிலிருந்தே தோணுது. லிஃப்ட் நின்ன ஒரு நாள் நாலு மாடி படியில் அவனை எப்படி இறக்குவீங்க? வயசான நாய்க்கு ராத்திரி நடுவிலும் வெளியே போகணும்னு வரும். வழுக்குற டைல்ஸ் இருந்தா ரப்பர் அடி வச்ச விரிப்பு போட்டுப் பாதை மாதிரி அமைக்கணும், எந்த வீடானாலும்.

மிளகுக்குப் பால்கனி ஆபத்து. உயரத்திலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் ஒரு கால்நடை மருத்துவ ஆய்வு வந்தது. சிகிச்சைக்கு வந்ததில் பத்தில் ஒன்பது பிழைச்சது உண்மைதான். ஆனா நெஞ்சில் அடி, தாடை உடைசல், கால் முறிவுன்னு பட்டது கொஞ்சநஞ்சமில்லை. பூனை விழாதுன்னு நம்பாதீங்க, பறவையைப் பார்த்துப் பாயும். வலை அடிக்க அனுமதி உண்டான்னு கேட்காம அந்த வீட்டை எடுக்க வேண்டாம்.

பழைய வீடு பார்க்கப் போனா கீழேயும் பாருங்க. சமையலறை அலமாரி அடி, படிக்கட்டுக் கீழே, பரண். காலியா கிடந்த வீட்டில் எலி விஷம் வச்சிருப்பாங்க. ரத்தம் உறையாம செய்யற வகை விஷம்னா தின்ன அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சுத்தான் சோர்வு, ரத்தக்கசிவுன்னு வரும். அதனால் முந்தி என்ன வச்சாங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க. தோட்டத்தில் லில்லிச் செடி இருந்தா எடுத்துடச் சொல்லுங்க. அதோட மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் போயிடும்.

#14 சாவிக்கொத்து

தரைத்தள வீட்டுக்காரம்மா நேத்து இங்கே வந்தாங்க. கூப்பிட்டதும் வந்தது எனக்கே ஆச்சரியம். அறை அறையா பார்த்தாங்க, செவலை படுக்கிற இடத்தில் குனிஞ்சு மோந்து பார்த்தாங்க, பக்கத்து வீட்டில் போய்ப் பேசினாங்க. போகும்போது "எழுதிக்கலாம்மா"ன்னு சொன்னாங்க. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எனக்கு வேற எதுவும் காதில் விழலை. என்ன எழுதணும்னு சொல்லுங்க.

#15 கணக்குப்புத்தகம்

ரொம்ப சந்தோஷம்! வாய்ப்பேச்சாக மட்டும் விட்டுவிடாதீர்கள். "பிராணிகள் அனுமதி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ஒரு நாய், ஒரு பூனை, பெயர், நிறம், எடை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அச்சடித்த படிவத்தில் "பிராணி கூடாது" என்ற வரி தூங்கிக்கொண்டிருக்கும், அதை அடித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இல்லாவிட்டால் ஒரே தாளில் இரண்டு விதமாக இருக்கும்.

அனுமதி ஒப்பந்தக் காலம் முழுக்கச் செல்லும், இடையில் மனம் மாறினால் ரத்தாகாது என்பதும் வரணும். சேதம் என்றால் எது, வழக்கமான தேய்மானம் என்றால் எது என்று பிரித்து எழுதுங்கள். கீறல் விழுந்த கதவு உங்கள் பொறுப்பு, வருஷத்தில் மங்கிய சுண்ணாம்பு உங்கள் பொறுப்பு இல்லை. பிராணிக்காகக் கூடுதல் முன்பணம் கேட்டால், அது திரும்பக் கிடைக்குமா, எந்தக் கணக்கில் கழிப்பார்கள் என்று கேளுங்கள். கூடுதல் முன்பணம் வாங்கச் சட்டத்தில் வரம்பு உள்ள இடங்களும் உண்டு, உங்கள் பகுதி விதியை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அந்தம்மா வீட்டை விற்றால் இந்த ஒப்பந்தம் என்னாகும் என்பதையும் அந்த வக்கீலிடமே கேளுங்கள். சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவர், கதவடி, தரை மூலையையும் தேதி தெரியப் படம் எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கும் அனுப்புங்கள்.

#16 ஊசிமருந்து

குடிபோற அன்னைக்கு ரெண்டு பேரையும் ஆள் நடமாட்டத்துக்கு வெளியே வையுங்க. கதவெல்லாம் திறந்து கிடக்கும், அப்பத்தான் பூனைகள் காணாமப் போகுது. மிளகுக்குப் புது வீட்டில் முதல்ல ஒரே ஒரு அறை போதும். பழைய படுக்கையைத் துவைக்காம அப்படியே போடுங்க, மணல் தட்டு, தண்ணி, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. அவன் சாப்பிட்டு நிம்மதியா உடம்பை நக்க ஆரம்பிச்ச பிறகு அடுத்த அறையைத் திறங்க. வெளியே போய்ப் பழகினவனா இருந்தாலும் ரெண்டு மூணு வாரமாவது உள்ளேயே இருக்கட்டும், இல்லேன்னா பழைய வீட்டைத் தேடிப் போயிடுவான். செவலைக்குக் கண் மங்கலா இருக்கிறதால் பாயும் தண்ணிப் பாத்திரமும் ஒரு தடவை வச்ச இடத்திலேயே இருக்கணும்.

மைக்ரோசிப் இருக்கா? இருந்தா பதிவில் முகவரியும் போன் நம்பரும் மாத்துங்க. சிப்பில் வெறும் எண்தான் இருக்கும், உங்க விவரம் பதிவேட்டில்தான்.

#17 சாவிக்கொத்து

குடிவந்துட்டோம். செவலை பரவாயில்லை. மிளகு நேத்து ராத்திரியிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்றான், ஒண்ணும் வரலை. ஒரு மாதிரி கத்துறான். புது இடம்ங்கிறதால இருக்குமா?

#18 ஊசிமருந்து

இப்பவே மருத்துவமனைக்குக் கிளம்புங்க, காலையில் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல், இட மாற்றத்தின் பதற்றத்தில் அடைச்சுக்கும். அடைப்பு ஒரு நாள் ரெண்டு நாள் நீடிச்சா உயிருக்கே ஆபத்து. போற வழியில் போன் பண்ணிச் சொல்லுங்க.

#19 சாவிக்கொத்து

அடைப்புதான். குழாய் போட்டு எடுத்துட்டாங்க, ரெண்டு நாள் அங்கேயே வச்சிருந்து நேத்து அனுப்பினாங்க. ஈரமான உணவு, தண்ணி நிறைய, தட்டை அமைதியான மூலையில் வைக்கச் சொன்னாங்க. இன்னைக்கு நல்லாப் போறான். ஊசிமருந்து, உங்க பதிலை நான் அந்த நேரத்தில் பார்க்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியலை. கைகூப்பிச் சொல்றேன், நன்றி.

#20 ஈரக்களம்

இழை முழுக்கப் படித்தேன். நாங்களும் விற்கப் போகிறோம், எங்களிடம் மூன்று பூனைகள். மூன்று என்றாலே யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லலாமா என்று வீட்டில் பேச்சு.

#21 மாடிப்படி

குறைத்துச் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு என்று இருந்தால் மூன்றாவது பூனைக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும். மூன்று மணல் தட்டும் ஒன்று உபரியும் வைப்போம், தினமும் சுத்தம் செய்வோம் என்று அந்த ஒரு பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் விலைப்பேச்சு தொடங்கவில்லை என்றால், சாவி கொடுக்கும் தேதியை இன்றைக்கே யோசித்து வையுங்கள்.